மிச்சமெல்லாம் மாவுச்சத்து

மாவுச்சத்தை யாரும் அளப்பதில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் நடப்பது அதுதான். பொட்டலத்தின் முதுகில் புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, மாவுச்சத்து இவ்வளவு என்று கட்டம் கட்டி அச்சடித்திருக்கிறார்களே, அதில் முதல் இரண்டும் அளந்து போட்டவை. மூன்றாவது கழித்துப் போட்டது. நூறு கிராம் சாப்பாட்டில் தண்ணீர் எவ்வளவு, புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எரித்தால் நிற்கிற சாம்பல் எவ்வளவு என்று நாலையும் கண்டுபிடிக்க வேண்டியது. நாலையும் கூட்டி நூறிலிருந்து கழிக்க வேண்டியது. மிச்சம் எது நிற்கிறதோ அதற்கு மாவுச்சத்து என்று பெயர் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டியது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நாலில் எது பிசகினாலும், பிசகு முழுவதும் சத்தமில்லாமல் அந்த மிச்சத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கூட்டிப் பார்த்தால் எப்போதும் நூறுதான் வரும்.

இந்த வேலையை இருபது வருஷமாகச் செய்துவந்தவளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் தராசக்கா என்று பேர். டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், நீளமான ஒரு ஹால். ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று நாலு இடத்தில் எழுதி ஒட்டியிருக்கும், காற்றடித்தால் தராசில் எண் துள்ளும் என்பதால். மூலையில் நூற்றைந்து டிகிரியில் எந்நேரமும் காய்ந்துகொண்டிருக்கும் ஓவன். தண்ணீரையும் சாம்பலையும் பார்ப்பது தராசக்கா. கொழுப்பு பார்க்கிறவரைக் கொழுப்பண்ணன் என்று கூப்பிடுவார்கள். அவரும் பெயருக்குக் குறை வைக்காத வாய்த்துடுக்குக்காரர்தான். "தராசக்கா கண்ணாலயே எடை போட்டுருவாங்க, எதுக்கு அவங்களுக்கு ஒரு மெஷினு?" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். அவளுக்கு அது உள்ளுக்குள் இனித்தது.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். ஒன்பது வயதிலிருந்தே சர்க்கரை, ஒன்பது வயதிலிருந்தே இன்சுலின் ஊசி. சாப்பிட உட்காரும்போது மற்றவர்கள் உப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், தங்கை மாவுச்சத்து எத்தனை கிராம் என்று பார்ப்பாள். பத்து கிராமுக்கு ஒரு யூனிட் ஊசி, அதுதான் டாக்டர் அவளுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு. புரதமும் கொழுப்பும் மெதுவாகக் கரையும், அவற்றால் பெரிய தொல்லை இல்லை. மாவுச்சத்துதான் உள்ளே போனதும் சர்க்கரையாக உடைந்து ரத்தத்துக்கு ஓடும். ஊசி குறைந்தால் சர்க்கரை ஏறும், வருஷக்கணக்கில் உடம்பைக் கெடுக்கும். ஊசி கூடினால் சர்க்கரை இறங்கும். அதற்கு வருஷமெல்லாம் வேண்டாம், ஒரு மத்தியானம் போதும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி, சூடு பண்ணி அப்படியே சாப்பிடுகிற மாதிரி தானியக் கஞ்சியைப் பொட்டலம் போட்டு, சோதனைக்கு அனுப்பியிருந்தது. கூடத்துக்கு வருவதெல்லாம் வழக்கமாக மாவு, பருப்பு, பிஸ்கட். எல்லாம் உலர்ந்த சாமான். கெட்டியான கஞ்சி அப்படி இல்லை. சூட்டில் வைத்தால் மேலே ஏடு கட்டும். ஏடு இறுகிவிட்டால் அடியில் இருக்கிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். அதனால் கழுவிச் சுட்ட மணலைப் போட்டுக் கிளறித்தான் ஓவனுக்குள் வைக்க வேண்டும். ஐந்து மணி நேரம் கழித்து எடை பார்த்து, மறுபடி ஒரு மணி நேரம் வைத்து இன்னொரு எடை பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் தண்ணீர் முழுக்கப் போயிற்று என்று அர்த்தம்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு மணல் ஜாடி காலி. புதிதாகக் கழுவிச் சுட ஒரு நாள் ஆகும், மேனேஜரோ ரிப்போர்ட் இன்றே வேண்டும் என்று தலையில் உட்கார்ந்திருந்தார். மெல்லிசாகப் பரப்பி வைத்தால் போதும் என்று அப்படியே வைத்தாள். ஐந்து மணி நேரம் கழித்து எடுத்து ஒரு எடை பார்த்தாள். இரண்டாவது எடைக்கு இருக்கிற கட்டத்தில், மறுபடி ஓவனில் வைக்காமலே, முதல் எண்ணில் கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று குறைத்து எழுதினாள். மாவுக்கு அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், ஒரு நாளும் தப்பாகப் போனதில்லை. சரிபார்க்க வைத்த இன்னொரு கிண்ணமும் அதே எண்ணைக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? அதிலும் மணல் இல்லையே.

ரிப்போர்ட் போயிற்று. ஒரு பொட்டலத்துக்கு எழுபத்தெட்டு கிராம் மாவுச்சத்து என்று அச்சாகி வந்தது. கம்பெனிக்காரர்கள் சந்தோஷப்பட்டு இரண்டு பெட்டி அனுப்பி வைத்தார்கள். தராசக்கா அவற்றை ஆட்டோவில் ஏற்றித் தங்கை வீட்டில் இறக்கினாள்.

"இனிமே மத்தியானத்துக்கு இதைச் சாப்பிடு. எண்ணிக்கிட்டு உக்கார வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டு எட்டு யூனிட் போடு. நானே அளந்ததுடி" என்றாள்.

தங்கை அக்காவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். இருபத்தைந்து வருஷமாகச் சாப்பாட்டோடு போட்ட சண்டைக்கு ஒரு வேளையாவது விடுமுறை கிடைத்த மகிழ்ச்சி அவளுக்கு.

மூன்றாவது வாரமே ஆரம்பித்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். கற்றுக்கொள்ள வந்த அம்மாளிடம் பிரேக்கை மிதிக்கச் சொல்வதற்குப் பதில் ஏதேதோ உளறினாள். இன்னொரு நாள் நடு ரோட்டில் காரை நிறுத்திவிட்டு, தான் எங்கே போகிறோம் என்று கற்றுக்கொள்ள வந்தவரிடமே கேட்டாள். பையில் இருந்த மிட்டாயை நாலைந்தாக வாயில் போட்டுத்தான் சமாளித்தாள். அப்புறம் ஒரு நாள் கார் ஒரு மின்கம்பத்தில் உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ஸ்கூல் முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

டாக்டர் அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக எழுதிவிட்டு வேறு மாதிரி ஊசி போடுகிறாள் என்று முடிவு கட்டினார். "எண்ணிக்கை எங்கயோ உதைக்குது. நிதானமா எண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார்.

தராசக்கா அன்று சாயங்காலம் தங்கையைப் பிடித்து உலுக்கு உலுக்கு என்று உலுக்கினாள். எந்த நினைப்பில் ஊசி போடுகிறாய், முப்பத்தி நாலு வயசாகிறது, இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லையா என்று சகட்டுமேனிக்குத் திட்டினாள். பயம்தான். பயத்தைக் கோபமாக மாற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

தங்கை தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "அக்கா, நீ கோவிச்சுக்காதே. ஒருவேளை அந்தப் பொட்டலத்துல போட்டிருக்கிறது தப்பா இருக்குமோ? அதைச் சாப்பிட்ட நாள்லதான் இப்படி ஆகுது. நான் நாளைலேருந்து ஆறு யூனிட்டா குறைச்சுப் போட்டுப் பாக்கட்டுமா?"

"ஓஹோ. நீ போட்ட ஊசி சரி, நான் இருபது வருஷமா பாக்குற வேலை தப்பு. அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலைக்கா."

"பின்னே எப்படிச் சொன்னே? ரெண்டு கிண்ணத்துல பாத்திருக்கேன். ரெண்டும் ஒத்துப்போச்சு. உன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைச்சுக்கிட்டு இருந்தா உருப்பட்ட மாதிரிதான். எழுபத்தெட்டுன்னா எழுபத்தெட்டு. எட்டு யூனிட் போடு, ஒழுங்காப் போடு."

தங்கை சரி என்றாள். அதற்கு மேல் அவள் எப்போதும் வாதாட மாட்டாள்.

திட்டிவிட்டு வந்தவளுக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. மனசின் ஒரு ஓரத்தில் என்னவோ பிறாண்டிக்கொண்டே இருந்தது.

சொல்லி வைத்தாற்போல் அதே வாரம் கம்பெனியிலிருந்து அடுத்த கட்டுக் கஞ்சி சோதனைக்கு வந்தது. மறுநாள், வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தாள். மணல் ஜாடி இந்த முறையும் காலிதான். யாராவது நிரப்பியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், யாரும் நிரப்பவில்லை. அவள் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பழையபடி கிண்ணத்தில் பரப்பி ஓவனுக்குள் வைத்தாள். ஒரு மணிக்கு எடுத்தாள். மேலே பழுப்பாக, பளபளவென்று, தட்டினால் டிக் டிக் என்று சத்தம் கேட்கிற அளவுக்குக் காய்ந்திருந்தது. எடை பார்த்தாள். போன தடவை வந்த அதே எண், ஒரு இழை முன்னே பின்னே. மனசு லேசாயிற்று. பார்த்தாயா, நான்தான் சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்படியே கிண்ணத்தைக் கழுவப் போட்டிருக்கலாம். என்ன தோன்றிற்றோ, மேஜையில் கிடந்த சிறு கரண்டியை எடுத்து ஏட்டின் நடுவில் ஒரு குத்துக் குத்தினாள். ஏடு உடைந்தது. உள்ளிருந்து ஆவி குபுக்கென்று முகத்தில் அடித்தது. கரண்டியை வெளியே இழுத்தாள். கொழகொழவென்று கஞ்சி ஒட்டிக்கொண்டு வந்தது.

 கரண்டியோடு அப்படியே நின்றாள். போகாமல் நின்ற அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர்க் கட்டத்தில் இல்லாத தண்ணீர் நேராக மிச்சத்தில் போய் விழும். வெறும் தண்ணீருக்கு மாவுச்சத்து என்று பெயர் வைத்து, அந்தத் தண்ணீருக்குத் தன் தங்கையை ஊசி போட வைத்திருக்கிறாள். மாதக்கணக்கில்.

கொழுப்பண்ணன் எதிர் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"அண்ணே, இது உள்ள வேகாத களி மாதிரி இருக்குண்ணே. போன தடவையும் இப்படித்தான் இருந்திருக்கும்."

அவர் வந்து பார்த்தார்.  கரண்டியை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"மேனேஜர்ட்ட சொல்லுங்க" என்றார்.

மேனேஜர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடியபடி கேட்டார். பதறவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "சரிம்மா, மணல் சுட்டு நாளைக்கு முறையாத் திரும்பச் செஞ்சு பாருங்க. எண் கையில வரட்டும். வராம கம்பெனிக்குப் போன் போட்டா நாமளே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி."

"சார், ஜனங்க இதைச் சாப்பிட்டு ஊசி போட்டுக்கிறாங்க."

"நாளைக்குள்ள என்ன ஆயிடப் போகுது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுவர்க் கடிகாரம் ஒன்றே காலைக் காட்டியது. தங்கை பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறவள். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறவள், நேரம் தவற மாட்டாள். நேற்றுத் திட்டின திட்டில் இன்றைக்கு எட்டு யூனிட்டில் ஒரு பொட்டுக்கூடக் குறைத்திருக்க மாட்டாள்.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி ஓடினாள். டயர் கடைக்காரர் என்னம்மா என்று கேட்டது காதில் விழவே இல்லை. ஆட்டோவில் ஏறினதிலிருந்து விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். "சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க" என்றாள். "பறக்கவாம்மா முடியும்?" என்று எரிந்து விழுந்த டிரைவர், கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் பேசாமல் ஓட்டினார். கடவுளே, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று கொட்டியிருக்கட்டும், ஊசியை மறந்திருக்கட்டும், என் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஒரு வேண்டுதல்.

மூன்றாவது மாடி. அவளிடம் ஒரு சாவி இருந்தது. அவசரத்தில் துவாரத்துக்குள் போகமாட்டேன் என்றது. ஒருவழியாகத் திறந்தாள்.

தங்கை சமையலறைத் தரையில், அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முன்னால் சர்க்கரை டப்பா கிடந்தது, மூடியைத் திறக்கத் தெரியாமல் அதைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டித் தட்டி விரல் முட்டி சிவந்திருந்தது.

"அக்கா வந்திருக்கேன்டி. இங்க பாரு. என்னைப் பாரு."

தங்கை பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. "வண்டியை நிறுத்துங்க, வண்டியை நிறுத்துங்க" என்றாள்.

தராசக்கா டம்ளரில் கை நிறையச் சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். விழுங்குகிறாளா என்று முதலில் ஒரு வாய் கொடுத்துப் பார்த்தாள். விழுங்கினாள். அப்புறம் தலையை மடியில் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். பாதி மேலே வழிந்தது. தங்கையின் பையிலிருந்த சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தாள். முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாதது. இன்னொரு டம்ளர். கால் மணி நேரம் கழித்து ஐம்பத்தி ஒன்று. இன்னொரு டம்ளர். எழுபத்தி நாலு. அந்த அரை மணி நேரத்தில் அவள் எத்தனை தடவை தங்கையின் பெயரைச் சொன்னாளோ, எதிர்வீட்டு அம்மாள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கடைசியில் தங்கைக்குக் கண்ணில் வெளிச்சம் வந்தது. அக்காவின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள், தரையில் இறைந்திருந்த சர்க்கரையைப் பார்த்தாள். உதடு துடித்தது.

"மன்னிச்சுக்கக்கா" என்றாள். "நான் எட்டுதான் போட்டேன். சத்தியமா எட்டுதான். எங்க தப்பு பண்றேன்னே தெரியல."

தராசக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நீ ஒண்ணும் பண்ணலைடி. நான் பண்ணினேன். ஒழுங்காக் காய வைக்காம, ரெண்டாவது தடவை எடை பாக்காம, பாத்த மாதிரி எழுதிட்டேன். அந்த எழுபத்தெட்டுல எவ்வளவோ வெறும் தண்ணி. உன்னையும் திட்டி, ஊசியையும் போட வச்சேன்."

தங்கை அக்காவின் மடியிலிருந்து தலையை எடுத்து, அலமாரியில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோபப்படுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று அக்கா காத்திருந்தாள். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் தங்கையின் முகத்தில் வந்தது வேறு.

"என் போனை எடு" என்றாள். "கிளினிக்குக்கு வர்றவங்கள்ல எனக்குப் பழக்கமான ஒருத்தர் இருக்காரு. வாட்ச் ரிப்பேர் பண்றவரு. தனி ஆளு, அவருக்கும் என்னை மாதிரிதான், ஊசி. சமைக்கக் கஷ்டமா இருக்குன்னாரு. திங்கக்கிழமை நாலு பொட்டலம் குடுத்தேன். என் அக்கா வேலை பாக்குற இடத்துல அளந்தது, நம்பிச் சாப்பிடுங்கன்னு சொல்லிக் குடுத்தேன்."

அக்கா போனை எடுத்துப் பெயரைத் தேடி அழுத்தினாள். மணி அடித்தது. நாலாவது மணிக்கு எடுத்தார்கள். பெண் குரல்.

"ஹலோ, நீங்க அவருக்குச் சொந்தமா?"

"தெரிஞ்சவங்க. அவரு எங்கே?"

"இது ஆஸ்பத்திரி, எமர்ஜென்சி. நான் நர்ஸ் பேசுறேன். கடையில மயங்கிக் கிடந்தாருன்னு பக்கத்துக் கடைக்காரங்க கொண்டு வந்து சேத்திருக்காங்க. சர்க்கரை ஏத்த ஏத்த இறங்கிக்கிட்டே இருக்கு. என்ன சாப்பிட்டாரு, எவ்வளவு ஊசி போட்டாருன்னு சொல்ல ஆளில்லை. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, போனருகே காதை வைத்தாள்.

"ஒரு கஞ்சிப் பொட்டலம் சாப்பிட்டிருப்பாரு" என்றாள் தராசக்கா. "எழுபத்தெட்டு கிராம் மாவுச்சத்துன்னு அதுல போட்டிருக்கும். அதுக்குத் தகுந்த ஊசி போட்டிருப்பாரு. ஆனா அந்த எண்ணு தப்பு. அவ்வளவு கிடையாது."

"தப்பா? எப்படிச் சொல்றீங்க?"

"அந்தப் பொட்டலத்தை லேப்ல சோதிச்சது நான்தான்."

மறுமுனையில் யாரோ ஓடுகிற சத்தம், ஏதோ ஒரு மெஷின் விடாமல் கத்துகிற சத்தம். நர்ஸ் பேனாவை எடுத்திருக்க வேண்டும், காகிதம் சரசரத்தது.

"சரி, அப்ப நிஜமா எவ்வளவு இருக்கு? டாக்டர் பக்கத்துலதான் இருக்காரு, சீக்கிரம் சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். நாற்பது என்று சொல்லலாம், முப்பது என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள்.

"ஹலோ? கேக்குதா? எவ்வளவும்மா?"

"எனக்குத் தெரியாது" என்றாள் தராசக்கா. "நான் இன்னும் அதை அளக்கல."